எதிர்ப்பு சக்தியைக் கூட்ட மட்டும்தானா குறிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சின்ன லேப்பில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிற ஆள் நான். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் நர்சிங் படிக்கிறாள், அவள் புத்தகங்களை ராத்திரி எடுத்து வைத்து வாசிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு அம்மா உங்கள் ஞாயிறு இணைப்பிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துக் கொண்டு வந்திருந்தார். எதிர்ப்பு சக்தியைப் பெருக்க என்ன என்ன சாப்பிடலாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்தப் பக்கம். "தம்பி, இதுல எதைத் தின்னா எனக்க முட்டுல உள்ள நீரு வடியும்?" என்று கேட்டார். அவருடைய சீட்டை அப்போதுதான் அடித்து முடித்திருந்தேன். ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற சி.ஆர்.பி. 48. எங்கள் லேப்பில் 6-க்குக் கீழே இருந்தால் சரி என்று போடுவோம். அவருக்கு முடக்குவாதம். அதாவது எதிர்ப்பு சக்தி அவருக்குக் குறையவே இல்லை, வழி தவறிப்போய் அவருடைய மூட்டையே தின்றுகொண்டிருக்கிறது. அதை இன்னும் கூட்டுவதற்கு நீங்கள் ஒரு பக்கம் முழுக்க வழி சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அதே தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் என்று விளம்பரம். முன்பக்கம் எதிர்ப்பு சக்தி, பின்பக்கம் நரம்பு, இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்க்காத சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி. உடம்புக்குள் இவை இரண்டும் ராவும் பகலும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன, அந்தப் பேச்சு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் தினமும் சீட்டில் நம்பராக அடித்துக் கொடுக்கிறேன். இதைப் பற்றி ஒரு வரிகூட உங்கள் பேப்பரில் நான் வாசித்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழற்சி என்று நீங்கள் எழுதுவதைத்தான் எங்கள் ஊரில் நீரு வச்சிருக்கு என்பார்கள். சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று நான்கு அடையாளத்தை ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். லேப்பில் அது வேறு மாதிரி தெரியும். ஈ.எஸ்.ஆர். பார்க்க ரத்தத்தை ஒரு நீளக் குழாயில் நிறுத்தி ஒரு மணி நேரம் அசைக்காமல் வைப்போம். சாதாரண ஆளுக்கு மேலே கொஞ்சம் தெளியும். அழற்சி உள்ள ஆளுக்கு ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்கிற புரதம் கூடிப்போய், சிவப்பணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கனத்துக் கீழே இறங்கிவிடும், சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதிக் குழாய் மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதே இந்த ஆள் காலையில் எழுந்து பல் தேய்க்கக் கஷ்டப்பட்டிருப்பார் என்று தெரிந்துவிடும்.

சரி, இதில் நரம்புக்கு என்ன வேலை? நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய வைக்கக் காந்தாரி மிளகாய் போதும். மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ள அம்மியில் காந்தாரியை அரைத்துவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் இருந்து பாருங்கள், விரல் எரியும், கொஞ்ச நேரத்தில் சிவந்து சூடாகிவிடும். தீ சுடவில்லை, கிருமி நுழையவில்லை. மிளகாயின் காப்சைசின் சூட்டை உணர்கிற நரம்பு முனையில் போய் உட்கார்ந்துகொண்டு, சுடுகிறது என்று பொய்ச் செய்தி அனுப்புகிறது. அந்த முனையில் அது உட்காருகிற ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். செய்தி மூளைக்குப் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதே நரம்பு முனை அந்த இடத்திலேயே சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்று சில பொருள்களைத் தோலுக்குள் கக்கிவிடுகிறது. ரத்தக்குழாய் விரிகிறது, நீர் கசிகிறது, எதிர்ப்பு அணுக்கள் உசுப்பப்படுகின்றன. ஆக விரலில் செல்சஸ் சொன்னதைக் கொண்டுவந்தது நரம்பு.

தொழுநோயைக் கண்டுபிடிக்க ஒரு பழைய பரிசோதனை உண்டு, அதுவும் இந்த வேலையை வைத்துத்தான். ஹிஸ்டமின் ஒரு சொட்டு விட்டு ஊசியால் லேசாகக் குத்துவார்கள். நல்ல தோலில் குத்தின இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவும். தொழுநோய்த் தேமலில் பரவாது. கிருமி அங்கே நரம்பைச் சாகடித்திருக்கும், நரம்பு செத்த இடத்தில் தோலுக்கு அப்படிச் சிவக்கத் தெரியாது.

இனி என் அம்மாவின் கதை. அம்மா முப்பது வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள், ஆனாலும் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி வெந்து உரியும், கல்யாண வீட்டுக்குப் போனால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். 2012-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டது. மூன்று வருஷம் கழித்து இடது கை விரல் முட்டுகள் வீங்க ஆரம்பித்தன. அப்புறம் இடது மணிக்கட்டு, இடது கால் முட்டு. காலையில் இரண்டு மணி நேரம் விரலை மடக்க முடியாது. முதலில் காட்டிய இடத்தில், முடக்குவாதம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், இது ஒரு பக்கம்தானே வந்திருக்கிறது, நல்ல கைக்கு வேலை கூடிப்போனதால் வந்த வலி என்று சொல்லி வலி மாத்திரை எழுதிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லேப்பில் வேலை பார்த்துக்கொண்டு, சொந்த அம்மாவின் ரத்தத்தை ஒரு வருஷம் பார்க்காமல் இருந்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இடது கை மோதிரம் இறுகி விரல் கருத்துவிட்டது. தட்டான் கடையில் கொண்டுபோய் வெட்டித்தான் எடுத்தோம். அதை ஒட்ட வைத்து அம்மா வலது கையில் போட்டுக்கொண்டார். அந்த விரலில் அது தானாகச் சுற்றியது. வலது கை துணி மாதிரித் துவண்டு கிடக்கும், ஆனால் முட்டுகள் ஒல்லியாக, சுருக்கம் தெரிய, இருபது வருஷத்துக்கு முன்பு இருந்த மாதிரியே. "பாத்தியா மக்களே, செத்த கைக்கு ஒரு சீக்கும் இல்ல" என்பார்.

கடைசியில் ஒரு வயசான டாக்டர்தான் இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பக்கவாதம் எப்போது வந்தது என்று கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு முடக்குவாதம் வருகிறவர்களில் சிலருக்குச் செயலிழந்த பக்கம் தப்பிவிடும், மருத்துவப் பத்திரிகைகளில் பல பத்து வருஷமாகவே இதை எழுதியிருக்கிறார்கள் என்றார். அசையாத மூட்டுக்கு அலுப்பு இல்லை என்பது ஒரு காரணம், அந்தப் பக்கத்து நரம்புகளின் போக்கு மாறிவிடுவது இன்னொரு காரணம். எது எவ்வளவு என்பதில் அவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் இரண்டு கைக்கும் ஒரே மாதிரித்தான் போகின்றன, ஒரே இதயம்தானே பம்ப் பண்ணுகிறது. பிறகு ஏன் ஒரு கை மட்டும் வீங்க வேண்டும்? அன்றைக்கு எனக்குள் புகுந்த கேள்வி இது, இன்னும் விட்டபாடில்லை.

நெருப்பை ஊதிவிடுவது நரம்பு என்றால், அதை அடக்குவதும் நரம்புதான் என்பது அதன் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. இதில் ஆளு வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் கிளம்பிக் கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று வழியெல்லாம் கிளை விட்டுக்கொண்டு போகும். லத்தீனில் வேகஸ் என்றால் ஊர் சுற்றி என்று அர்த்தமாம், பொருத்தமான பெயர். இதன் இழைகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் மூளைக்குச் செய்தி ஏற்றுகிறவை, மிச்சம்தான் கட்டளை இறக்குகிறவை. மூளை இந்த வழியாகக் கட்டளை போடுவதைவிட ஒட்டுக் கேட்பதுதான் அதிகம்.

1921-இல் ஆட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இதயங்களை உப்பு நீரில் வைத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு மெதுவானது. அந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று உறுதியானது, அதுதான் அசிட்டைல்கோலின். எண்பது வருஷம் இதயத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள சங்கதியாகத்தான் இதைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 2000-இல் நியூயார்க் பக்கத்தில் கெவின் டிரேசியின் குழு எலிகளுக்குக் கிருமி நஞ்சைச் செலுத்தி வேகஸ் நரம்பில் மின்சாரம் கொடுத்தார்கள். ரத்தத்தில் டி.என்.எஃப். ஏறுவது குறைந்தது, எலிகளுக்கு ரத்த அழுத்தம் விழவில்லை. டி.என்.எஃப். என்றால் இந்த அழற்சி ஊர்வலத்தின் முன்னால் கொடி பிடிக்கிற ஆள், அம்மா மாதிரி நோயாளிகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவு பண்ணிப் போடுகிற ஊசிகளில் பல இதைப் பிடித்துக் கட்டத்தான்.

அடுத்த பத்து வருஷத்தில் வழி ஓரளவு துலங்கியது. செய்தி மண்ணீரலுக்குப் போகிற நரம்பில் வருகிறது, அந்த நரம்பு விடுவதோ நார் அட்ரினலின். அதை மண்ணீரலில் இருக்கிற ஒரு வகை டி அணு வாங்கிக்கொண்டு, தானே அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. எதிர்ப்பு அணு நரம்பின் பாஷையில் பேசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கிற மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கு அணு அதைக் கேட்டு டி.என்.எஃப். உற்பத்தியைக் குறைக்கிறது. மேக்ரோஃபேஜின் மேல் இந்தச் செய்தி போய் உட்கார்கிற இடத்தில் நிக்கோட்டினும் உட்காரும். பீடி குடிக்கிறவர்கள் உடனே குதிக்க வேண்டாம், புகைப்பதால் முடக்குவாதம் வருகிற வாய்ப்பு கூடுகிறது என்பது நன்றாக நிரூபணமான விஷயம்.

எல்லாரும் இதை அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். மெல்போர்னில் உள்ள ஆய்வாளர்கள் அடக்குகிற வேலையை வேகஸ் செய்யவில்லை, வயிற்றுக்குப் போகிற சிம்பதெடிக் என்கிற வேறு வகை நரம்புகள்தான் செய்கின்றன, அவற்றை வெட்டினால்தான் டி.என்.எஃப். எகிறுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். எந்தக் கம்பி என்பதில்தான் சண்டை, கம்பி உண்டு என்பதில் இல்லை. 2024-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சூக்கரின் குழு, எலியின் மூளைத்தண்டில் இதைக் கவனிக்கிற நரம்பணுக்களையே அடையாளம் கண்டது. அவற்றை அடக்கி வைத்தால் அழற்சி கட்டுக்கடங்காமல் போகிறது, தூண்டினால் தணிகிறது.

மூளைக்கு இன்னொரு கை ரத்தத்தின் வழியாக. உடம்பில் அழற்சி கூடினால் மூளையில் உள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்லும், அது சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும், அட்ரினல் கார்டிசாலை விடும், அழற்சி தணியும். இதன் நெருங்கிய உறவான கார்டிசோனைத்தான் 1948-இல் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாக முடக்குவாத நோயாளிக்கு ஊசியில் போட்டார், படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்தார், 1950-இல் நோபல். இங்கேதான் நம் மாவட்டத்துக்கு வர வேண்டும், ஐயா.

அம்மாவுக்கு ஒரு சமயம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். பெயர் இல்லை, அட்டை இல்லை, வெள்ளைக் காகிதத்தில் மூன்று மாத்திரை, ஒரு நேரத்துக்கு இவ்வளவு ரூபாய். எந்தக் கடை என்று எழுத மாட்டேன், இது ஒரு கடையோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. இரண்டு நாளில் அம்மா இடது கையால் மீன் வெட்டினார். நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். நாலு மாசத்தில் முகம் உருண்டு பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது, சர்க்கரை ஏறியது. அதற்குள் அது கார்டிசால் வகை ஸ்டீராய்டு என்று எனக்கு உறைத்தது, கோபத்தில் பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். அது நான் செய்த அடுத்த தப்பு. வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால் மூளை, ஆள் இருக்கிறதே என்று அட்ரினலுக்குச் சொல்வதை நிறுத்திவிடும், அட்ரினல் தூங்கிப்போகும். திடீரென்று நிறுத்தினால் அது எழுந்து வேலைக்கு வர வாரக்கணக்கில், சில சமயம் மாசக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாள் அம்மாவுக்கு வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் கீழே. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, அதே மருந்தைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவந்தார்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவே இல்லை. மூளை கையில் இருக்கிற கடிவாளத்தைப் பிடுங்கி நாம் பிடிக்கிறோம், எப்படி விடுவது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழற்சி கூடின நாட்களில் அம்மா சாப்பிட மாட்டார், யாரோடும் பேச மாட்டார், சுவரைப் பார்த்துச் சுருண்டு படுப்பார். ஒரு வெப்ராளமா இருக்கு என்பார், மனசுக்குள் ஒரு தவிப்பு என்று அர்த்தம். எல்லாம் மனசுதான், சும்மா இருக்கிறதால தோணுது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். காய்ச்சல் வந்த கோழி மூலையில் ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். எதிர்ப்பு அணுக்கள் விடுகிற டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் எல்லாம் மூளைக்குத் தகவல் சொல்கின்றன, மூளை பசியை அடைக்கிறது, உடம்பை ஒடுக்குகிறது, காய்ச்சலையும் அதுதான் ஏற்றுகிறது. 2006, 2007-இல் சிக்குன்குனியா வந்து போன பிறகு மாசக்கணக்கில் திண்ணையை விட்டு எழாதவர்களை நம் ஊரில் சோம்பேறி என்றார்கள், அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

மறுபக்கம், வாட்ஸ்அப்பில் இப்போது வேகஸ் நரம்பு பெரிய ஆளாகிவிட்டது. ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கு, தொண்டையை இறுக்கிக் கர்ர் என்று கொப்பளி, வாதம் போயே போச்சு. மெதுவாக மூச்சு விட்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், நிம்மதியாக இருக்கும், சரி, செய்யுங்கள். அதை நம்பி முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு வந்த ஒருவரின் சி.ஆர்.பி.யை நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன், மூன்று இலக்கம். எங்கள் பக்கத்து வர்ம ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு, சுளுக்குக்கு நானே போவேன், ஆனால் இதெல்லாம் அன்றைக்கே நமக்குத் தெரியும் என்று மேடையில் யாரும் வேகஸை வர்மத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருந்தால் நல்லது.

நிஜமாகவே நடந்திருப்பதைச் சொல்கிறேன். கழுத்தில் வேகஸைத் தூண்டுகிற கருவி வலிப்பு நோய்க்கு அமெரிக்காவில் 1997-இலேயே வந்துவிட்டது. அதே வகைக் கருவியை 2016-இல் 17 முடக்குவாத நோயாளிகளிடம் வைத்துப் பார்த்து, டி.என்.எஃப். குறைவதைக் கண்டார்கள். 2025 ஜூலையில் முடக்குவாதத்துக்கென்றே செய்த ஒரு சின்னக் கருவிக்கு அங்கே அனுமதி கிடைத்தது. கழுத்துக்குள் நரம்பின்மேல் ஆபரேஷன் செய்து வைப்பது, நாளுக்கு ஒரு நிமிஷம் மட்டும் தூண்டும். மற்ற மருந்துகளுக்கு அடங்காத 242 பேரிடம் சோதித்தார்கள், எல்லாருக்கும் கருவியை வைத்துவிட்டுப் பாதிப் பேருக்கு மட்டும் ஓட விட்டார்கள். மூன்று மாசத்தில் ஓடியவர்களில் 35 சதவீதத்துக்கு ஓரளவு முன்னேற்றம், ஓடாதவர்களில் 24 சதவீதம். அற்புதம் என்று தலைப்புப் போடுகிற அளவுக்கு இல்லை. ஆனால் நரம்பைத் தொட்டால் மூட்டு வீக்கம் குறைகிறது என்பது இனி எலியோடு நிற்கிற கதையும் இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கூட்டுவதற்குக் குறிப்புப் போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், எதிர்ப்பு சக்தி கூடிப்போய் வருகிற நோய்களும் இருக்கின்றன என்று போடுங்கள். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல் இருந்தால், ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தாலும்கூட, வாத நோய் பார்க்கிற டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பெயரில்லாத பொட்டல மாத்திரை பற்றி உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி விசாரித்து எழுதுங்கள், அதைத் தின்றுகொண்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது என்பதையும் கூடவே தடித்த எழுத்தில் போடுங்கள். பின்பக்க லேகிய விளம்பரத்தை என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அம்மாவிடம் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன், டாக்டர் எழுதினதை மட்டும் சாப்பிடுங்கள், அடுத்த பேப்பர் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்க வருவார். ஞாயிறு இணைப்பு அதற்கு முந்தின நாள்தானே வருகிறது.

இப்படிக்கு,
ஒரு லேப் ஊழியர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.